மாசி மாதத்து ஐயாறு

கொல்லிமலையில் நீர்மின்சாரம் என்றதும் மேட்டூர் மாதிரி ஓர் அணை கண்முன் வரவேண்டாம். ஐயாற்றுக்கும் அதில் சேரும் ஓடைகளுக்கும் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்பணைகள். அங்கிருந்து நீரை மலையடிவாரத்துக்கு இறக்கி 20 மெகாவாட் எடுப்பதுதான் திட்டம். ஊர் மூழ்காது, புகை வராது, சுழலியைத் தாண்டிய தண்ணீர் வீணாகாது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். பொய்யில்லை.

தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே கிடக்கிற ஆற்றைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அரப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கையும் இந்த ஐயாற்றங்கரையில்தான். இங்கே ஆற்று மீனையே சாமியாகக் கும்பிட்டு இரை போடுகிறார்கள். வெட்டிய மீன் மறுபடி ஒட்டி உயிர்பெற்று நீந்தியதாகத் தலக்கதை. ஆனால் நீரோட்டம் நின்று, குட்டை சூடேறி, பிராணவாயு குறைந்தால் ஓடும் நீருக்குப் பழகிய மீன் பிழைப்பது அரிது. கீழே புளியஞ்சோலைக்கும் துறையூர்ப் பக்கத்து வயலுக்கும் இதே ஆறுதான்.

ஒரு கணக்கு: நீர் 700 மீட்டர் விழுவதாக வைத்துக்கொண்டால், 20 மெகாவாட்டுக்கு நொடிக்கு 3 கன மீட்டருக்கு மேல் வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஆறு அதை அள்ளிக் கொடுக்கும். மாசியில் பாறை இடுக்கில் நூலாக இறங்குகிறதே, அதையும் குழாய்க்குள் விட்டால்?

கேட்க ஆளில்லை என்பதுதான் என் கவலை. 2006-ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. பேராற்றில் 20 மெகாவாட் சில்லறை. மலையோடையில் அதுவே மொத்த ஆறு. கங்கைக்காவது 2018-இல் விதி வந்தது: ஹரித்வாருக்கு மேலே, நவம்பர் முதல் மார்ச் வரை நீர்வரத்தில் 20 சதவீதத்தை ஆற்றிலேயே விடவேண்டும். ஐயாற்றுக்கு அந்த விதி பொருந்தாது. பொருந்தினாலும் போதாது; நூலில் ஐந்தில் ஒரு பங்கு பாறையை நனைக்கவே காணாது.

மாசி முதல் சித்திரை வரை இங்கே மின்சாரமே எடுக்கக்கூடாது. மற்ற மாதங்களுக்கு, தடுப்பணையின் அடியில் கதவே வைக்காமல் ஒரு திறப்பு வேண்டும். கதவு இருந்தால், மின் தட்டுப்பாடு வந்த அன்றே அதை மூடச் சொல்லி உத்தரவு வரும்.