இடம் மாறாத மணல்

கரையோரம் மணல், உள்ளே போகப் போகச் சேறு. கடலடிக்குப் பாடநூல் சொல்லும் ஒழுங்கு இது. அலையின் வலு குறையும் இடத்தில்தான் பொடி படியும். நம் மேற்குக் கடலிலோ ஒழுங்கு தலைகீழ். மும்பை, கோவா கடற்பகுதியில் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம்வரை பச்சையோடிய சாம்பல் சேறு. அதைத் தாண்டினால் மணல், சிப்பி நொறுங்கல், சுண்ணாம்புக்கல். வண்டல் சலிப்பதே பிழைப்பாகிப்போன எனக்கு அந்த மணல்மேல் தனிப் பிரியம். சேற்றைக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிடும். மணல் சல்லடையில் விழுந்ததுமே தன் ஊரைச் சொல்லிவிடும்.

அதில் மீன்சினை போல உருண்டை மணிகள் கிடைக்கும். ஊலைட் என்போம். வெட்டி லென்ஸில் பார்த்தால் நடுவே ஒரு துகள், சுற்றிலும் ஏடு ஏடாகச் சுண்ணாம்பு. அமிலத்துளி பட்டால் நுரைக்கும். இன்று இவை பஹாமா போன்ற இடங்களில் உருவாகின்றன. அதற்கு நீர் சில மீட்டர் ஆழமே இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக, கலங்காமல் இருக்க வேண்டும். அலை ஓயாமல் உருட்ட வேண்டும். நம் மணிகள் கிடக்கும் 80 மீட்டர் ஆழத்தில் உருட்டுவது யார்?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீர் பனிப்பாளமாக உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மும்பைக்கு அப்பால் அகலமான கண்டத்திட்டில் பெரும்பகுதி தரை. பனி உருகியது; ஆனால் கடல் சீராக ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வேகம் தணிந்தபோதெல்லாம் கடற்கரை அமைந்தது, மணிகள் உருண்டன. மறுபடி கடல் பாய்ந்தேறியதும் கரை அப்படியே முங்கிப்போனது.

பிறகு ஏன் அதைச் சேறு மூடவில்லை? நர்மதையும் தபதியும் கொண்டுவரும் சேறு பெரும்பாலும் கரைப்பக்கமே தங்கிவிடுகிறது. உலகக் கண்டத்திட்டுகளில் சுமார் 70 விழுக்காட்டில் இப்படிப்பட்ட பழைய வண்டல்தான் என்று 1968இல் கடல் நிலவியலாளர் கே.ஓ. எமரி மதிப்பிட்டார். கொஞ்சம் தாராளமான கணக்கு என்பேன். புயலும் நீரோட்டமும் பழசையும் புதுசையும் கிளறிக் கலந்துகொண்டுதான் இருக்கின்றன.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு முதன்முறையாகக் கடலடிக் கனிமங்களை ஏலத்துக்கு விட்டபோது, பட்டியலில் கொல்லம் கடலின் கட்டுமான மணலும் இருந்தது. மீன்வளம் போய்விடும் என்று கொல்லத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். ஆற்றில் அள்ளிய மணலை அடுத்த வெள்ளம் கொஞ்சமாவது நிரப்பும். கடல் தாழ்ந்திருந்தபோது இந்தக் கடல் மணலைக் கொட்டிய ஆறுகளின் முகத்துவாரம் இப்போது பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து மணல் இவ்வளவு தூரம் வராது.