தாய்ப்பாலும் சத்து மாத்திரையும்

பிள்ளை பெற்ற வீட்டின் அலமாரியைச் சற்றுக் கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? மேல்தட்டில் பிரசவ லேகியம் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருக்கும். அதன் பின்னால், அரசு மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய சிவப்பு மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலேயே ஒரு தகரப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். இவ்விரண்டிற்கும் முன்னே, வருவோர் போவோர் கண்ணில் படும்படியாக, சபரிலிருந்து மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய வெளிநாட்டுச் சத்து மாத்திரைக் குப்பி கம்பீரமாக வீற்றிருக்கும்!

உறையூரில் எனக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். இரண்டாம் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்த பெண் அவள். சுகப்பிரசவம். வீடு திரும்பும்போது செவிலியர் இரும்புச்சத்து மாத்திரைகளையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளையும் கையில் கொடுத்து, ஆறு மாதம் தவறாமல் உண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் பெரியவர்கள் அதற்கு இணங்கவில்லை. "பச்சை உடம்புக்காரி சூடான மாத்திரை சாப்பிட்டால், பால் வழியே இறங்கிப் பிள்ளைக்குப் பேதியாகும்" என்பது அவர்கள் கருத்து. அட்டைகள் பெட்டிக்குள் போயின. ஆனால் மாப்பிள்ளை அனுப்பிய குப்பியிலிருந்து மட்டும் தினம் இரண்டு மாத்திரை! வெளிநாட்டு மருந்து அல்லவா, அது கெடுதல் செய்யாதாம்.

நாற்பது நாள் கழிந்தபோது, மாடிப்படி ஏறினால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. பிள்ளைக்கு ஆகாது என ஒதுக்கிய மாத்திரையே அவளுக்கு மிகவும் வேண்டியதாயிருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பிரசவத்தில் இழந்த இரத்தத்தை ஈடு செய்யாமல் பாலும் கொடுத்து, வீட்டு வேலையும் பார்க்கும் பெண்கள் இவர்களுள் எத்தனை பேர்!

எது பாலில் இறங்கும், எது இறங்காது?

தாய் உண்பதெல்லாம் அப்படியே பாலாகிறது என நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். இரும்பு, சுண்ணாம்பு, ஃபோலிக் அமிலம் ஆகிய மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். தாய் நன்றாக உண்டாலும், அரைவயிறு உண்டாலும், பாலில் இவற்றின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. உணவில் போதாவிட்டால், தாயின் உடலில் உள்ள இருப்பிலிருந்தே அது எடுத்துக் கொள்ளப்படுகிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து சிறிதளவு கரைவதும், பால் மறக்கடித்த பின் அது பெரும்பாலும் மீள்வதும் மருத்துவர்கள் அறிந்த செய்தியே.

ஆகவே இரும்பு மாத்திரையால் பால் "சூடாவதும்" இல்லை. பிள்ளைக்குப் பேதி உண்டாவதும் இல்லை. மலம் கறுத்துப் போவது மாத்திரை உண்ணும் தாய்க்குத்தான். அதுவும் அஞ்சத்தக்கதன்று. அரசு வழங்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பிரசவத்திற்குப் பின் 180 நாட்கள் நாளொன்றுக்கு ஒன்று என்பது அளவு. சுண்ணாம்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்பும், 250 யூனிட் வைட்டமின் டி-யும் உண்டு. அது நாளொன்றுக்கு இரண்டு. இந்த அளவுகள் பாலூட்டும் தாயை எண்ணியே வகுக்கப்பட்டவை. தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் இரும்பு மாத்திரை உண்ணலாகாது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வைட்டமின் பி1, பி12, ஏ, டி ஆகியவற்றின் நிலை வேறு. தாயிடம் இவை குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். இதனை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் நம் தமிழகத்திற்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த சில கைக்குழந்தைகளை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தனர். எல்லாம் தாய்ப்பாலையே நம்பி வளர்ந்த குழந்தைகள். பிறந்த சில மாதங்கள் நன்றாகவே இருந்தவை. பிறகு சிரிப்பு மறைந்தது. தலை நின்ற குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. முகம் பார்த்த குழந்தை முகம் பார்க்கவில்லை. கை கால்களில் தானே எழும் அசைவுகள் தோன்றின. தோலில் கருமை படர்ந்தது. சோதித்துப் பார்த்தபோது குழந்தைகளிடம் மட்டுமன்றி, தாய்மாரிடமும் பி12 குறைந்திருப்பது தெரிந்தது. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் என்னும் அந்நால்வரும் எழுதிய கட்டுரை 1962ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. இன்றும் குழந்தை மருத்துவர்கள் அதனை எடுத்துக் கூறுகின்றனர்.

"நாமோ மாமிசம் உண்பவர்கள், பி12 நமக்கு எப்படிக் குறையும்?" என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் அச்சத்து இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் கறிச்சட்டி எந்த வரிசையில் காலியாகிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்! விருந்தினர், ஆண்கள், பிள்ளைகள் என எல்லோரும் உண்ட பிறகு, அடியில் ஒட்டிய மசாலாவும் இரண்டு எலும்புமே பல வீடுகளில் பெண்ணின் பங்கு. போதாக்குறைக்குப் பிரசவப் பத்தியம் என்று சொல்லி முட்டையையும் இறைச்சியையும் நாற்பது நாள் நிறுத்துவோரும் உளர். பால்சுறாப் புட்டும், பூண்டுக் குழம்பும், சுவரொட்டியும் கொடுத்துத் தேற்றும் பாட்டிமார்களின் முறை இதனினும் எவ்வளவோ மேலானது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்டு வருபவர்களுக்கும் பி12 குறையக்கூடும். இத்தகையோர் மருத்துவர் சொற்படி பி12 மாத்திரை உண்பதால் தாய்க்கும் நன்மை, சேய்க்கும் நன்மை.

பத்தியத்தின் கேட்டைக் காட்டும் மற்றொரு செய்தி காஷ்மீரிலிருந்து வந்தது. அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தீட்டிய அரிசிச் சோற்றை முதன்மையாகக் கொண்ட பத்திய உணவு கொடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு உண்ட தாய்மாரின் குழந்தைகள் மூச்சுத் திணறலோடும் மயக்கத்தோடும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதையும், பி1 என்னும் தயமின் ஊசி போட்டவுடன் பிழைத்து எழுந்ததையும் அண்மை ஆண்டுகளில் ஸ்ரீநகர் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பழைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், 'பெரிபெரி' எனும் இதே நோய் குழந்தைகளைக் கொன்றதைக் குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் ஆய்க்ராய்டும் அவருடைய துணைவர்களும் 1930களிலும் 1940களிலும் ஆராய்ந்தனர். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம் பக்கம் புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால் காவிரிக் கரைத் தாய்மார் பெரிதும் தப்பினர். பிரியாணிக்குச் சீரகச் சம்பா இருக்கட்டும். அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியை விட்டுவிடாதீர்கள்.

வெயில் படாத வீடுகள்

வைட்டமின் டி பற்றி நம் இல்லங்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. இச்சத்தைப் பெரும்பாலும் உணவு தருவதில்லை. தோலில் படும் வெயிலே தருகிறது. உறையூரின் குறுகிய தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், நடுப்பகல் வெயில் உள்ளே வருவதே அரிது. வெளியே சென்றாலோ பர்தா. ஹிஜாபைக் கைவிட வேண்டியதில்லை, சகோதரிகளே! அந்நியர் பார்வை படாத மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் போதும். அதுவும் இல்லையெனில் மாத்திரை இருக்கிறது.

ஆயினும் ஒன்றை அறிய வேண்டும். தாய் சாதாரண அளவில் உண்ணும் வைட்டமின் டி, பாலில் மிகச் சிறிதே இறங்குகிறது. 2015ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தாய்க்கு நாள்தோறும் 6,400 யூனிட் கொடுத்தபோதுதான், குழந்தைக்கு நேரடியாக 400 யூனிட் கொடுத்ததற்கு ஈடான பயன் கிடைத்தது. அத்தனை பெரிய அளவை மருத்துவர் கண்காணிப்பின்றி எவரும் முயலலாகாது. குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுப்பதே எளிய வழி. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் அதையே பரிந்துரைக்கிறது. ஆனால் மருந்துக் கடைகளில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள சொட்டு மருந்தும் கிடைக்கும். 800 யூனிட் உள்ளதும் கிடைக்கும். புட்டியை மாற்றும்போதெல்லாம் எழுத்தைப் படித்து, அளவைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

ஆபத்து மாத்திரையில் இல்லை, மிகுதியில்தான் இருக்கிறது. பி வகைச் சத்துகள் மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். பி-காம்ப்ளெக்ஸ் உண்ட பிறகு சிறுநீர் மஞ்சளாவது இதனால்தான்; சிலருக்குப் பாலின் நிறமும் சற்று மாறுவதுண்டு. அஞ்ச வேண்டியதில்லை. ஏ, டி இரண்டும் அத்தகையவை அல்ல. அவை கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடுபவை.

60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தை மருத்துவர் வாரம் ஒரு முறை உண்ணும்படி எழுதிக் கொடுக்கிறார். அதை நாள்தோறும் பாலில் கலந்து குடித்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து, வாந்தி, மலச்சிக்கல், தாகம் எனத் தொடங்கிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அவ்வளவு மிகும்போது பாலிலும் அது ஏறிக் குழந்தையையும் தாக்கக்கூடும். வைட்டமின் ஏ-யும் இப்படித்தான். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் முறை முன்பு பல நாடுகளில் இருந்தது. பயன் தெளிவாகத் தெரியாததால், அது வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்துவிட்டது. வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் உண்பதில் தடையில்லை. ஈரலும் உண்டு, மீன் எண்ணெய் மாத்திரையும் உண்டு, அதன்மேல் வெளிநாட்டுக் குப்பியிலிருந்தும் இரண்டு எடுப்பதுதான் தவறு. அக்குப்பியிலுள்ள சத்துகள் அனைத்தும் நீங்கள் ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளிலும் இருக்கக்கூடும். இரண்டின் அட்டையையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

கேப்சூல்களின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. ஹலால் பற்றிய ஐயம் இருந்தால், அதற்காகச் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள். அதே சத்து மாத்திரையாகவும், பொடியாகவும், திரவமாகவும் கிடைக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம்.

உண்ணும் நேரமும் கவனிக்கத்தக்கது. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். பகல் உணவுக்குப் பின் ஒன்று, இரவில் மற்றொன்று எனப் பிரித்துக் கொள்ளுங்கள். உணவு உண்ட கையோடு தேநீர் அருந்தும் பழக்கம் நம்மிடம் அதிகம். இரும்பு மாத்திரைக்கு அது பகை. ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்துங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணை செய்யும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் இவ்விரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் விலக்க வேண்டும். ரமழானில் பாலூட்டும் தாய்க்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அறிவீர்கள். நோன்பு நோற்கும் தாய், இஃப்தாருக்குப் பின் இரும்பையும் ஸஹரில் சுண்ணாம்பையும் வைத்துக் கொள்ளலாம்.

மேலே சொன்ன உறையூர்ப் பெண்ணின் வீட்டில் இப்போது தகரப் பெட்டி திறக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டுக் குப்பி, மருத்துவரிடம் காட்டும் வரை மூடியே இருக்கிறது. சிவப்பு மாத்திரைகளை மட்டும் பரண் மேல் பூட்டி வைத்து, தினம் ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறார் அவளுடைய தாயார். காரணம், மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது. சர்க்கரை பூசிய அந்த மாத்திரை அவன் கண்ணுக்கு மிட்டாய். பத்து கிலோ எடையுள்ள குழந்தை நான்கைந்து மாத்திரைகளை விழுங்கினாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கலாம்; பத்து மாத்திரை உயிருக்கே உலை வைக்கலாம். அப்படி நேர்ந்தால் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் எனக் காத்திராமல், மிஞ்சிய அட்டையையும் கையில் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.