திரையில் நமது மலை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோரில் பலர் பூனாகலைப் பாடசாலையில் தங்கினர். 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலேயே மண் சரிந்தது. ஆயினும் நம் பிள்ளைகள் மண்சரிவைப் பரீட்சைக்குரிய வரைவிலக்கணமாகவே மனனம் செய்கிறார்கள்.

கூகுள் ஏர்த் என்னும் இலவச மென்பொருளில் பூமி முழுவதையும் கணனித் திரையில் உருட்டிப் பார்க்கலாம். பாடசாலைக்கு ஒரு கணனியும் இணைய இணைப்பும் போதும் (அந்த இணைப்புத்தான் மலையில் அரிது). தரம் 8 மாணவி தன் லயத்தைத் தேடிப்பிடித்துப் படத்தைச் சாய்த்தால், மேலேயுள்ள மலை எவ்வளவு செங்குத்து, மழைநீர் எந்தப் பள்ளத்தால் இறங்கும் என்பது புலப்படும். பழைய சரிவுகளில் வந்து தங்கிய இளகிய மண் நீரை உறிஞ்சிப் பாரமாகிறது; பிடி தளர்கிறது. கான்கள் அடைபட்டிருந்தால் இது விரைவில் நடக்கும்.

நிலவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் பீலித் தண்ணீர் ஆகியவற்றைத் திரை காட்டாது. அதற்கு வகுப்பை வெளியே அழைத்துச் செல்லவேண்டும். மழையையும் அளக்கட்டும், நேரான டின்னும் அடிமட்டமும் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு.

பின்னர், லயத்திலிருந்து பாதுகாப்பான இடம்வரை உள்ள பாதையைத் திரையில் அளந்து, நடந்தும் பார்க்கச் சொல்வோம். இரவு மழையில், பாட்டியையும் கூட்டிக்கொண்டு எத்தனை நிமிடம் என்று அவர்களே கணக்கிடட்டும்.