தொட்டால் பேசும் சுவர்கள்

பொது இடங்களின் வரைகலையில் என்.எஃப்.சி வில்லைகள்

கடையில் பொருள் வாங்கிய பின், வங்கி அட்டையைக் கருவியின்மேல் ஒரு கணம் காட்டிப் பணம் செலுத்துவது நமக்குப் பழகிப்போன செயலாகிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரையிலான தொகையைப் பின் எண் இல்லாமலேயே இவ்வாறு செலுத்தலாம். 2019 மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டையைக் காட்டி மெட்ரோ ரயில் நிலைய வாயிலைக் கடந்து செல்வோரும் உள்ளனர். அதே நுட்பம் இப்பொழுது சுவரொட்டிகளிலும், அருங்காட்சியகங்களின் விளக்கச் சீட்டுகளிலும், நூலகங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் இடம்பெற்று வருகிறது. பணம் செலுத்தப் பழகிய கையசைவு ஒன்று, படிப்பதற்கும் கேட்பதற்கும் உரிய வழியாக மாறுவதை நாம் காண்கிறோம்.

மின்கலம் வேண்டாத வில்லை

அண்மைப் புலத் தகவல் தொடர்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே என்.எஃப்.சி. இதன் பொது நெறிகளை வகுப்பதற்காக நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2004-இல் ஓர் அமைப்பை உருவாக்கின. சிறியதொரு சில்லு, அதனைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள், மேலே ஒரு தாள் உறை. வில்லை என்பது இவ்வளவே. அதில் மின்கலம் இல்லை. கைப்பேசி அருகே வரும்போது, அது எழுப்பும் 13.56 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த மின்சாரத்தைக் கொண்டே சில்லு விழித்துத் தன்னிடமுள்ள செய்தியைச் சொல்லிவிடுகிறது. இவ்வுரையாடல் சில சென்டிமீட்டர் இடைவெளிக்குள்தான் நடைபெறும்.

பரவலாகப் பயன்படும் ஒரு வகை வில்லையில் எழுதத்தக்க இடம் 144 பைட் மட்டுமே. ஒளிப்படமோ பாடலோ அதில் அடங்காது. ஓர் இணைய முகவரி தாராளமாக அடங்கும். ஆகவே வில்லையை, முகவரி மட்டும் எழுதப்பட்ட அஞ்சல் உறையாகக் கருதலாம். சுவரில் ஒட்டிய வில்லையை மாற்றாமலேயே, அம்முகவரியிலுள்ள செய்தியை நாள்தோறும் புதுப்பிக்க இயலும் என்பதே வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் பெரிய வசதி.

ஓர் எழுதுகோல் கற்பித்த பாடம்

நியூயார்க் நகரிலுள்ள கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம், தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி வாழ்ந்த மாளிகையில் அமைந்துள்ளது. புதுப்பிக்கப்பட்டு 2014 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அந்நிறுவனம், அடுத்த ஆண்டு பார்வையாளர்களின் கையில் ஓர் எழுதுகோலை வழங்கியது. அதன் ஒரு முனையில் என்.எஃப்.சி வாசிப்பான் இருந்தது. ஒவ்வொரு காட்சிப்பொருளின் விளக்கச் சீட்டிலும் ஒரு வில்லை பதிக்கப்பட்டு, அதன்மேல் கூட்டல் குறி அச்சிடப்பட்டிருந்தது. எழுதுகோலின் முனையிலும் அதே குறி. இரண்டையும் பொருத்தினால், அப்பொருள் பார்வையாளரின் சேகரிப்பில் சேர்ந்துவிடும். நுழைவுச் சீட்டில் அச்சிட்ட தனிக் குறியீட்டைக் கொண்டு, வீடு திரும்பிய பின் அச்சேகரிப்பை இணையத்தில் காணலாம். எழுதுகோலின் மறுமுனையால் பெரிய தொடுதிரை மேசைகளில் வரையவும் முடிந்தது.

அக்காலத்தில் இவ்வசதி பலருடைய கைப்பேசிகளில் இல்லை. எனவே தனிக்கருவி பயன்பட்டது. கைப்பேசியே போதுமானதாகிவிட்ட இன்றும் அந்தக் கூட்டல் குறியின் பாடம் மாறவில்லை. வில்லை கண்ணுக்குத் தெரியாதது. எங்கே தொடவேண்டும், தொட்டால் என்ன கிடைக்கும் என்பதை அச்சிட்ட வரைகலையே சொல்லவேண்டும். அது சொல்லத் தவறினால், எவ்வளவு விலையுயர்ந்த ஏற்பாடும் வெறும் சுவராகவே நின்றுவிடும்.

எல்லோருக்கும் உரிய இடம்

பொது இடம் என்பது பலருக்கும் உரியது. ஆதலால் வடிவமைப்பாளர் முதலில் கருதவேண்டியது, தொடுவோர் யார் என்பதே. நின்றபடி தொடுவோருக்கு எட்டும் உயரம், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்போருக்கு எட்டாமற்போகலாம். கியூ.ஆர். குறியீட்டைப் படிக்கக் கேமராவைக் குறிபார்த்துப் பிடிக்கவேண்டும். பார்வைக் குறைபாடு உடையோருக்கு அது கடினம். வில்லையின் இடத்தைப் புடைத்த குறியால் உணர்த்திவிட்டால், அவர்கள் விரலால் தடவி அறிந்து, கைப்பேசியை வைத்து, விளக்கத்தை ஒலியாகக் கேட்கலாம்.

மறுபுறம், என்.எஃப்.சி வசதியில்லாத கைப்பேசிகள் இன்னும் பலரிடம் உள்ளன. கைப்பேசியே இல்லாதோரும் உள்ளனர். ஆகவே வில்லைக்கு அருகிலேயே கியூ.ஆர். குறியீடும், இன்றியமையாத செய்தி எழுத்து வடிவிலும் இருத்தல் நலம். உலோகப் பலகையில் சாதாரண வில்லை இயங்காது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். உலோகம் காந்தப்புலத்தைக் குலைத்துவிடும்; அதற்கெனக் காந்தத் தடுப்பு அடுக்குடைய வில்லைகள் கிடைக்கின்றன.

நம்பிக்கையே முதலீடு

நம் சேமிப்புக் கணக்கிற்கான வாயிலாகவும் விளங்கும் கைப்பேசியை, முன்பின் அறியாத ஒரு பலகையின் அருகே கொண்டுசெல்கிறோம். இதில் அச்சப்படத் தேவையில்லை, கவனம் தேவை. பொது இடத்து வில்லையைத் தொட்ட மாத்திரத்தில் கணக்கிலிருந்து பணம் போய்விடாது. அது காட்டும் இணையப் பக்கத்தில் நாம் எதை உள்ளிடுகிறோம் என்பதில்தான் ஆபத்து உள்ளது.

பலகையை நிறுவுவோர், வில்லையை மீண்டும் எழுத இயலாதவாறு நிரந்தரமாகப் பூட்டிவிடவேண்டும். அதுமட்டும் போதாது. அதிலுள்ள இணைய முகவரியின் பதிவைக் காலந்தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு காலாவதியானால் அம்முகவரியைப் பிறர் வாங்கிக்கொள்ளலாம்; பூட்டிய வில்லையோ வருவோரை அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். வில்லையின்மேல் வேறொன்றை எவரேனும் ஒட்டியுள்ளனரா என்று அவ்வப்போது பார்ப்பதும் அவர்தம் பொறுப்பாகும்.

வாடிக்கையாளர்களாகிய நாம் கடைப்பிடிக்கவேண்டியவை சிலவே. திரையில் தோன்றும் முகவரியைப் படித்த பின்னரே பக்கத்தைத் திறப்போம். செயலியை நிறுவுமாறு கேட்டாலோ, கடவுச்சொல், ஒருமுறைக் கடவு எண், யு.பி.ஐ. பின் ஆகியவற்றைக் கேட்டாலோ உடனே வெளியேறுவோம். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், வங்கிக்கும் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிப்போம்.

நன்கு அமைந்த ஒரு பலகை, தன்னைத் தொடச் சொல்வதற்கு முன்பே தான் யாருடையது, எங்கே அழைத்துச் செல்லும் என்பதை எழுத்தில் கூறிவிடும். அடுத்த முறை அத்தகைய பலகையின்முன் நிற்கும்போது, முதலில் அதைப் படிப்போம், பிறகு தொடுவோம்.