பத்தி எழுத்தாளரின் சுதந்திரம்: ஜோர்ஜ் வில் பற்றிய ஒரு நோக்கு

அரசியற் பத்தி எழுத்து நாளிதழோடு பிறந்து நாளிதழோடு மறைவது என்ற எண்ணம் காரணமாக, இலக்கிய ஆய்வாளர் அதனைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை. ஆயினும் நவீன முதலாளித்துவ சமூகத்தில் அன்றாட நிகழ்வுகளுக்குப் பொருள் கற்பிக்கும் பணியை நாவலாசிரியரிலும் பார்க்கப் பத்தி எழுத்தாளரே மிகுதியாக ஆற்றுகின்றார். அவர் தமக்கென உரிமை கோரும் தகைமை ஒன்றுண்டு, அதுவே சுதந்திரம். தாம் எக்கட்சிக்கும் ஊழியரல்லர், தமது அறிவுக்கே ஊழியர் என்பது அவரது நிலைப்பாடு. இச்சுதந்திரத்தின் தன்மை யாது? அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவிற் பத்தி எழுத்தாளராகவும் தொலைக்காட்சிக் கருத்துரையாளராகவும் விளங்கிவரும் ஜோர்ஜ் வில்லின் எழுத்துலக வாழ்வு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1941 இல் இலினோய் மாநிலத்திற் பிறந்த வில், மெய்யியற் பேராசிரியர் ஒருவரின் மகன். ஒக்ஸ்போட்டிற் பயின்று, 1968 இற் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் அரசியற்றுறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். மிச்சிகனிலும் ரொறன்ரோவிலும் கற்பித்த பின்னர், 1970 இற் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனற் உறுப்பினர் ஒருவரின் பணியாளராக வாஷிங்டன் சென்றார். பழைமைவாத ஏடான ‘நாஷனல் றிவியூ’வின் வாஷிங்டன் ஆசிரியராகவும் கடமையாற்றினார். 1974 முதல் ‘வாஷிங்டன் போஸ்ற்’ நிறுவனத்தின் எழுத்தாளர் குழுவினூடாக அவரது பத்தி நாடெங்கும் விநியோகிக்கப்படலாயிற்று. வாட்டர்கேற் விவகாரத்தின்போது தமது தரப்பைச் சேர்ந்த நிக்ஸனையே கண்டித்தெழுதியமை அவருக்கு நன்மதிப்பை ஈட்டிக் கொடுத்தது. 1977 இற் கருத்துரைக்கான புலிற்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இவ்விடத்துப் பத்தியின் உற்பத்தி முறையை நோக்குதல் வேண்டும். வாரம் இருமுறை, ஏறத்தாழ 750 சொற்களில் ஆக்கப்படும் ஒரே கட்டுரை பல நூறு பத்திரிகைகளுக்கு விற்கப்படுகின்றது. தனக்கென ஓர் எழுத்தாளரை அமர்த்த வசதியற்ற சிறு நகரப் பத்திரிகையும் குறைந்த செலவில் தலைநகரின் குரலொன்றைப் பெற்றுக்கொள்கின்றது. இத்தகைய சந்தையில் எழுத்தாளரின் தனித்துவமே பண்டமாகிறது. வில்லின் நடையிற் காணப்படும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயலும், மேற்கோள்களின் செறிவும், கழுத்துப்பட்டி கட்டிய கனவானின் தோரணையும் இந்நோக்கில் விளங்கிக்கொள்ளத் தக்கவை. அவை போலியானவை என்பதன்று. உண்மையான புலமையே விற்பனைக்குரிய முத்திரையாகவும் ஆயிற்று என்பதே கருத்து.

சுதந்திரத்தின் எல்லையை 1980 ஆம் ஆண்டின் நிகழ்வொன்று தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில், ஜனாதிபதி காட்டருடனான தொலைக்காட்சி விவாதத்திற்கு றீகனைத் தயார்ப்படுத்திய ஒத்திகையில் வில் பங்குகொண்டார். விவாதம் முடிந்ததும் ஏபிசியின் ‘நைற்லைன்’ நிகழ்ச்சியிற் கருத்துரையாளராகத் தோன்றி றீகனின் திறமையைப் பாராட்டினார். ஒத்திகையில் தாம் வகித்த பங்கினை நேயர்களுக்குக் கூறவில்லை. காட்டர் தரப்பின் தயாரிப்பு ஆவணங்கள் றீகன் தரப்பின் கையில் இருந்த செய்தி 1983 இல் அம்பலமானபோது வில்லின் பங்கும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாவணங்களை அவர் கவர்ந்தார் எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை; பிற்காலத்திற் காட்டரே அவ்வாறு தாம் கருதவில்லை எனத் தெரிவித்தார். ஒத்திகையிற் பங்குகொண்டமை தகாதது என்பதை வில்லும் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் இதனைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக மாத்திரம் காண்பது போதாது. பயிற்றுவித்தவரே நடுவர் ஆசனத்தில் அமர்ந்தமை அக்காலத்து ஊடக அமைப்புக்கு எவ்வித இடையூறாகவும் இருக்கவில்லை. 1981 இல் தொடங்கிய ‘திஸ் வீக்’ ஞாயிறு நிகழ்ச்சியில் அவர் இடம்பெற்றார். 1983 இன் சர்ச்சைக்குப் பின்னரும், 2013 வரை, அவ்விடம் அவருக்கு இருந்தது.

கிராம்ஷி புத்திஜீவிகளை இரு வகையினராகப் பிரித்தார். தம்மை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டவராகக் கருதும் மரபுவழிப் புத்திஜீவிகள் ஒரு சாரார்; ஒரு வர்க்கத்தோடு இணைந்து அதன் நோக்குநிலைக்கு வடிவம் கொடுப்போர் மற்றைய சாரார். வில்லின் வரலாற்றில் முதலாவது வேடமாகவும் இரண்டாவது தொழிலாகவும் அமைந்தன எனலாம்.

இதனை அவரது இரு நூல்களின் ஒப்பீடு மேலும் விளக்கும். 1983 இல் வெளிவந்த ‘ஸ்ரேற்கிறாவ்ற் அஸ் சோல்கிறாவ்ற்’ என்ற நூலில், குடிமக்களின் பண்பை உருவாக்குவது அரசின் தவிர்க்க முடியாத பணி என வாதிட்டார். சமூகநல அரசையும் ஏற்றுக்கொண்டார். சந்தை மரபுகளை அரித்துவிடுவதையும் சுட்டினார். 2019 இல் வெளிவந்த ‘கொன்சர்வேற்றிவ் சென்சிபிலிற்றி’யிலோ, அரசின் விரிவே முதன்மையான ஆபத்தாகவும் தனிமனிதனின் இயற்கை உரிமைகளே அடித்தளமாகவும் முன்வைக்கப்படுகின்றன. இடைப்பட்ட மூன்றரைத் தசாப்தங்களில் அமெரிக்க முதலாளித்துவம் சமூகநல அரசுடன் செய்திருந்த சமரசத்திலிருந்து பெரிதும் விலகிச் சென்றது. எழுத்தாளரின் சிந்தனைப் பயணம் அவ்விலகலின் திசையிலேயே சென்றமை தற்செயலன்று.

2016 இல், டிறம்ப் வேட்பாளராவது உறுதியான வேளையில், வில் குடியரசுக் கட்சியிலிருந்து விலகினார். 2020 இற் பைடனை ஆதரித்தார். தாம் பல்லாண்டுகள் சார்ந்திருந்த அணியைத் துறந்த அந்நேர்மையை மறுத்தல் தகாது. ஆயின் கட்சியைத் துறந்தவர் சந்தை பற்றிய தமது கோட்பாட்டைத் துறக்கவில்லை. கட்சியிலிருந்து சுதந்திரம் பெறுவது வேறு, வர்க்க நோக்குநிலையிலிருந்து சுதந்திரம் பெறுவது வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கு ஓர் இலக்கியப் பிரச்சினை எழுகின்றது. முடியாட்சியை ஆதரித்த பல்சாக், தம் அரசியற் சார்பையும் மீறிச் சமூக உண்மையைச் சித்திரித்தார் என எங்கெல்ஸ் 1888 இல் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டார். பழைமைவாதியான வில்லுக்கு அத்தகைய வெற்றி ஏன் வாய்க்கவில்லை? விடையின் ஒரு பகுதி வடிவத்தில் உள்ளது. நாவல் மனிதரை அவர்தம் உறவுகளிடையே நீண்டகாலம் அவதானிக்கக் கோருகின்றது. பத்தியோ, முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்கேற்ற தரவுகளைத் தேடுவதற்கு இடமளிக்கின்றது. 2009 பெப்ரவரியிற் காலநிலை மாற்றம் பற்றிய பத்தியொன்றில் கடற்பனிப் பரப்புக் குறித்து அவர் எழுதிய கூற்றை, அவர் ஆதாரமாகக் காட்டிய ஆய்வு நிலையமே மறுத்தமை இதற்கு உதாரணமாகும்.

ஆனால் விதிவிலக்கும் உண்டு. 1990 இல் வெளிவந்த ‘மென் அற் வேர்க்’ என்ற பேஸ்போல் பற்றிய நூலில், அவர் நான்கு பேரின் தொழிலை நுணுகி அவதானித்தார். விளையாட்டெனப் பார்வையாளர் காண்பதன் பின்னே உள்ள உழைப்பை, நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் பயிற்சியை, கைத்திறனை அங்கு அவர் கண்டார். நூலின் தலைப்பே வேலை செய்யும் மனிதரைச் சுட்டுகின்றது. மைதானத்தில் உழைப்பைக் கண்ட அதே கண்கள் தொழிற்சாலையிற் பெரும்பாலும் சந்தையையே கண்டன. பார்வைக் குறைவு இதற்குக் காரணமன்று. எங்கு நின்று பார்ப்பது என்பதை அவர் வகித்த இடம் பெருமளவு தீர்மானித்திருந்தது.

எனவே பத்தி எழுத்தாளரை மதிப்பிடுகையில், அவர் யாரைக் கண்டிக்கின்றார் என்ற கேள்வியோடு அமைந்துவிடல் ஆகாது. எதனை அவர் என்றுமே கேள்விக்கு உட்படுத்துவதில்லை என்பதையும் கேட்டல் வேண்டும். அவரது சுதந்திரத்தின் உண்மையான எல்லை அங்கேயே உள்ளது.