கொரியப் பள்ளியில் உணவும் உறவும்

தென்கொரிய அரசாங்கம் 1995ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து, தன் அரசாங்கப் பள்ளிகளில் பணியில் அமர்த்துவதே அத்திட்டம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஆண்டுதோறும் கொரியாவுக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலருக்குக் கொரிய மொழி தெரியாது. வகுப்பில் பாடம் நடத்துவதற்கு அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆனால், சக ஆசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பது எப்படி என்பதைப் பெரும்பாலும் பள்ளிக்குச் சென்ற பிறகுதான் கற்றுக்கொள்கின்றனர். அது பாடம் நடத்துவதைவிடக் கடினமாக இருப்பதும் உண்டு.

கொரியர்களின் வாழ்வில் உணவுக்கு உள்ள இடத்தை அவர்களின் பேச்சே காட்டிவிடும். இருவர் சந்திக்கும்போது, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்பது வழக்கம். "சோறு சாப்பிட்டீர்களா?" என்பது அதன் பொருள். தமிழர்கள் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பதைப் போல, அதுவும் நலம் விசாரிக்கும் முறைதான்.

குடும்பத்தினரைக் குறிக்கும் கொரியச் சொற்களுள் ஒன்று 'ஷிக்கு'. 'உண்ணும் வாய்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். ஒரே வீட்டில் ஒன்றாக உண்பவர்களே குடும்பத்தினர் என்னும் எண்ணம் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. இவ்வெண்ணம் வீட்டோடு நின்றுவிடவில்லை. பள்ளியாக இருந்தாலும் அலுவலகமாக இருந்தாலும், சேர்ந்து வேலை செய்பவர்கள் சேர்ந்து உண்டால்தான் ஒரு குழுவாக ஆகமுடியும் என்று கொரியர்கள் பலர் கருதுகின்றனர்.

நண்பகல் உணவு

கொரியப் பள்ளிகளில் வழங்கப்படும் உணவுக்குக் 'குப்ஷிக்' என்று பெயர். ஊட்டச்சத்துத் துறையில் தகுதிபெற்ற ஒருவர் உணவுப் பட்டியலை முன்கூட்டியே தயாரிக்கிறார். மாணவர்களும் ஆசிரியர்களும் வரிசையில் நின்று, குழிகள் கொண்ட எவர்சில்வர் தட்டில் உணவைப் பெறுகின்றனர். தட்டில் இரண்டு பெரிய குழிகள் உண்டு. ஒன்றில் சோறு, மற்றொன்றில் சூப். சிறிய குழிகளில் கிம்ச்சி, காய்கறி, மீன் அல்லது இறைச்சி ஆகியவை இருக்கும். பள்ளி முதல்வருக்கும் முதலாம் வகுப்பு மாணவருக்கும் கிடைப்பது அதே உணவுதான்.

இந்த உணவுத் தட்டு ஒரு மேயரின் பதவியையே பறித்திருக்கிறது. தலைநகர் சோலில் எல்லா மாணவர்களுக்கும் இலவச உணவு தருவதா, வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் தருவதா என்பதைப் பற்றி 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வாக்கெடுப்பு நடந்தது. எல்லாருக்கும் இலவசம் என்பதை மேயர் ஓ செ-ஹூன் எதிர்த்தார். வாக்கெடுப்பு செல்லுபடியாக மூன்றில் ஒரு பங்கினர் வாக்களித்திருக்க வேண்டும். ஆனால், 25.7 விழுக்காட்டினரே வாக்களித்தனர். அதனால் அவர் பதவி விலகினார். இன்று கொரியப் பள்ளிகளில் மாணவர்களுக்கு உணவு இலவசமாக வழங்கப்படுகிறது. ஆசிரியர்கள் கட்டணம் செலுத்தி உண்கின்றனர்.

தட்டில் அன்றாடம் இடம்பெறுவது கிம்ச்சி. சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்துக் கழுவியபின், மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்டு நொதிக்கவைத்த இறால் அல்லது மீன் ஆகியவை கலந்த விழுதை இலைகளுக்கு இடையே தடவி மூடி வைக்கின்றனர். கெடுதல் செய்யும் நுண்ணுயிரிகள் பெருகாதபடி உப்பு தடுக்கிறது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பைத் தருகின்றன. தோசை மாவு புளிப்பதும் இவ்வகை நுண்ணுயிரிகளால்தான். குளிர்காலம் தொடங்குமுன் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி, பல மாதங்களுக்குத் தேவையான கிம்ச்சியைச் செய்து பகிர்ந்துகொள்கின்றனர். 'கிம்ஜாங்' எனப்படும் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

கிம்ச்சியின் காரமும் மணமும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால், சைவ உணவு உண்ணும் ஆசிரியருக்கு வேறொரு சிக்கல் உண்டு. காய்கறி மட்டுமே இருப்பதாகத் தோன்றும் கிம்ச்சியில் இறால் கலந்திருக்கலாம். தெளிந்த சூப்பும் நெத்திலியைக் கொதிக்கவைத்த நீரில் செய்யப்பட்டிருக்கலாம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் உண்டு. மீனும் வேண்டாம், இறாலும் வேண்டாம் என்று தனித்தனியே சொல்லத்தான் வேண்டும். கொரியாவின் பௌத்த மடாலயங்களில் இறைச்சி, மீன் மட்டுமன்றி பூண்டு, வெங்காயம் ஆகியவையும் இல்லாத தூய சைவ உணவு பல நூற்றாண்டுகளாகச் சமைக்கப்படுகிறது. எனினும், பள்ளிச் சமையலறையில் அதை எதிர்பார்க்க முடியாது.

இரவு விருந்து

நண்பகல் உணவு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு உண்மையான சோதனை 'ஹ்வேஷிக்' எனப்படும் விருந்தில்தான் இருக்கிறது. 'கூடி உண்ணுதல்' என்பது இச்சொல்லின் பொருள். ஷிக்கு, குப்ஷிக், ஹ்வேஷிக் ஆகிய மூன்று சொற்களிலும் உள்ள 'ஷிக்' என்பது உண்ணுதலைக் குறிக்கிறது.

கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுகின்றனர். ஆகவே, மார்ச் மாதத்தில் ஆசிரியர் அறையில் புது முகங்கள் பல தென்படும். அவர்களை வரவேற்க ஒரு விருந்து நடைபெறும். விடைபெறுவோருக்கு ஒரு விருந்து, பள்ளித் தவணையின் முடிவில் ஒரு விருந்து எனப் பிற விருந்துகளும் உண்டு.

பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியே பரிமாறப்படும். கொழுப்பும் தசையும் மாறி மாறி அமைந்திருப்பதால் அதை 'சம்க்யோப்சால்', அதாவது 'மூவடுக்குத் தசை' என்கின்றனர். மேசையின் நடுவிலுள்ள அடுப்பில் அதை வாட்டி, கத்தரிக்கோலால் துண்டுகளாக்குவர். பிறகு, கீரை இலையில் இறைச்சியையும் பூண்டையும் சோயா விழுதையும் வைத்து மடித்து, ஒரே வாயில் உண்பர். சிலர் அவ்வாறு மடித்ததை அருகில் இருப்பவருக்குக் கொடுத்து உண்ணச் செய்வர். அது அன்பின் அடையாளம்.

இவ்விருந்தில் பின்பற்ற வேண்டிய மரியாதைகள் பல. மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் உண்ணத் தொடங்க வேண்டும். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தக்கூடாது. கரண்டியையோ குச்சியையோ சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது. அது முன்னோருக்குப் படையல் இடுவதை நினைவூட்டும். தம் குவளையில் தாமே ஊற்றிக்கொள்ளாமல், ஒருவருக்கு மற்றவர் ஊற்ற வேண்டும். மூத்தவருக்கு இரு கைகளாலும் ஊற்ற வேண்டும். அவர் ஊற்றினால் இரு கைகளாலும் குவளையை ஏந்திப் பெற வேண்டும். மது அருந்தும்போது மூத்தவருக்கு எதிரே அருந்தாமல் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

உணவு முடிந்தவுடன் விருந்து முடிந்துவிடாது. முதல் சுற்று உணவகத்தில் என்றால், இரண்டாம் சுற்று வேறொரு கடையில். மூன்றாம் சுற்று பாட்டுப் பாடும் அறையிலும் நடக்கலாம். மறுநாள் காலையில் எல்லாரும் வழக்கம்போல் பள்ளியில் இருப்பார்கள்.

இத்தனையும் எதற்கு? கொரியப் பணியிடங்களில் வயதும் பதவியும் மிகவும் முக்கியம். பள்ளி நேரத்தில் இளைய ஆசிரியர் ஒருவர் துணை முதல்வரிடம் மனம் திறந்து பேசுவது எளிதன்று. விருந்தில் அந்த இடைவெளி சற்றுக் குறைகிறது. அயல்நாட்டு ஆசிரியர்களுக்கும் இதில் நன்மை உண்டு. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்தால் பள்ளியில் ஆங்கிலம் பேசத் தயங்கும் சக ஆசிரியர்கள், விருந்தில்தான் முதன்முதலாக அவர்களோடு உரையாடத் துணிகின்றனர். தனியாக அயல்நாட்டில் வாழும் ஓர் இளைஞருக்கு அது பெரிய ஆறுதல்.

மறுப்பது எப்படி?

"ஊரோடு ஒத்து வாழ்" என்பது பழமொழி. ஆனால், எந்த அளவுக்கு ஒத்துப்போவது? இசுலாமிய ஆசிரியர் பன்றி இறைச்சியை உண்ணமாட்டார். சைவர் எந்த இறைச்சியையும் தொடமாட்டார். மது அருந்தாதவர்களும் இருக்கின்றனர். ஊற்றப்படும் குவளையை மறுத்தால், அதை ஊற்றியவரின் நட்பையே மறுத்ததாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். விருந்துக்கே போகாமல் இருந்தால், குழுவிலிருந்து விலகி நிற்பவராகிவிடுவோமோ என்னும் கவலையும் அவர்களுக்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உள்ளது. அயல்நாட்டு ஆசிரியர் மறுத்தால், "அவருக்கு நம் வழக்கம் தெரியாது" என்று மற்றவர்கள் விட்டுவிடுவது உண்டு. அவருடைய ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டுதான். ஆனால், அதே மேசையில் அமர்ந்திருக்கும் இளைய கொரிய ஆசிரியருக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டில் கைக்குழந்தை காத்திருந்தாலும், உடல்நலம் சரியில்லாவிட்டாலும், மூத்தவர் ஊற்றும்போது "வேண்டாம்" என்று சொல்ல அவர் தயங்குவார். உறவை வளர்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம், மறுக்க முடியாதவருக்குச் சுமையாகிவிடுகிறது.

மாறிவரும் வழக்கம்

இச்சுமையைப் பற்றிக் கொரியர்களே கேள்வி எழுப்பத் தொடங்கினர். 2007ஆம் ஆண்டில், ஊழியர் ஒருவரை மது அருந்தும்படி மேலதிகாரி வற்புறுத்தியது சட்டத்திற்குப் புறம்பானது என்று சோல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் வேலை நேரம் வாரத்திற்கு 52 மணி நேரத்திற்கு மேல் போகக்கூடாது என்னும் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அப்போது, விருந்தும் வேலை நேரமா என்ற கேள்வி எழுந்தது. பொதுவாக அது வேலை நேரத்தில் சேராது என்று தொழிலாளர் அமைச்சு விளக்கமளித்தது. அந்த விளக்கம் மற்றொரு கேள்விக்கு இடமளித்தது. வேலை நேரம் இல்லை என்றால், விருந்துக்கு வந்தே தீரவேண்டும் என்று எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பணியிடக் கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது. மது அருந்தவோ விருந்தில் கலந்துகொள்ளவோ ஒருவரை வற்புறுத்துவதும் அத்தகைய கொடுமையாகலாம் என்று அமைச்சின் வழிகாட்டி குறிப்பிட்டது. அடுத்த ஆண்டு பரவிய கோவிட்-19 நோயால் விருந்துகள் நின்றுபோயின. அவை மீண்டும் தொடங்கியபோது, எல்லாம் பழையபடி திரும்பவில்லை. இரவு விருந்துக்குப் பதிலாக நண்பகல் விருந்து நடத்துவோர் இருக்கின்றனர். சேர்ந்து திரைப்படம் பார்ப்பதையே விருந்தாகக் கொள்ளும் குழுக்களும் உண்டு. முதல் சுற்றோடு வீடு திரும்புவதும் இப்போது குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை.

மேசையில் ஓர் இடம்

உண்ண முடியாத உணவு மேசையில் இருந்தாலும் விருந்தில் பங்கேற்க வழிகள் உண்டு. எவற்றை உண்ணமாட்டோம் என்பதை விருந்துக்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடலாம். மேசையில் உணவு வந்தபின் மறுப்பதைவிட, உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சொல்வது இரு தரப்புக்கும் எளிது. குவளையில் குளிர்பானம் இருந்தாலும் மற்றவர்களோடு சேர்ந்து அதை உயர்த்தலாம். தாம் அருந்தாவிட்டாலும் மூத்தவருக்கு இரு கைகளாலும் நீர் ஊற்றலாம். கொரிய மொழியில் "நன்றாக உண்பேன்" என்று உணவுக்கு முன்னும், "நன்றாக உண்டேன்" என்று உணவுக்குப் பின்னும் சொல்லலாம். இவற்றைச் செய்பவர் என்ன உண்டார், எவ்வளவு உண்டார் என்பதைவிட, அவர் வந்தார், உடன் அமர்ந்தார் என்பதே பலருடைய நினைவில் நிற்கும்.

மேசையில் இடமளிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அருகில் இருப்பவரின் குவளை காலியாக இருக்கிறதா என்று கவனிப்பது கொரியர்களின் பழைய மரியாதை. அக்குவளையில் எதை ஊற்றலாம் என்று அவரையே கேட்பது, அவர்கள் இப்போது பழகிவரும் புதிய மரியாதை.