நீக்கியும் இடம் கூடாதது ஏன்?

கைப்பேசியில் ‘இடம் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டு நூறு படங்களை நீக்குகிறீர்கள். அப்படியும் இடம் கூடவில்லை. ஏன்?

கைப்பேசியில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய வகை இது. இதன் நுண்ணறைகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கும் விதமே உங்கள் படம் ஆகும். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை.

நீக்கிய படம் முதலில் குப்பைத்தொட்டிக்கே செல்கிறது. பல கைப்பேசிகளில் 30 நாட்கள் அங்கேயே தங்கும். தொட்டியைக் காலி செய்த பிறகே அந்த அறைகள் ‘இனித் தேவையில்லை’ எனக் குறிக்கப்படும். பின்னர், ஏராளமான அறைகள் கொண்ட ஒரு தொகுதி முழுவதும் மின்னழுத்தத்தால் ஒருசேரத் துடைக்கப்படும். எலெக்ட்ரான்கள் வெளியேறிவிட்டால் படத்தை மீட்க வழியில்லை. ஆகவே, வேண்டியவற்றை முன்கூட்டியே கணினியில் படியெடுத்து வையுங்கள்.

சரி, எதை நீக்குவது? ஒரு படம் 3 மெகாபைட் என்றும், ஒரு நிமிட 4கே காணொளி 170 மெகாபைட் என்றும் கொள்வோம். அந்தக் காணொளி ஒன்றை நீக்குவது ஏறத்தாழ 57 படங்களை நீக்குவதற்குச் சமம்! எனவே, நீளமான காணொளிகளிலிருந்து தொடங்குங்கள், தொட்டியையும் மறவாதீர்கள்.